மாளவிகாவுக்கு இல்லாத குடல்வால்

மாளவிகாவுக்குக் குடல்வால் இல்லை என்று கூண்டு சொன்னபோது காலை மணி பத்தே கால். இரண்டு வருடத்துக்கு முன்பே அறுவை செய்து எடுத்தாயிற்றாம். வலப்பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவளிடம், இது வெறும் வாயுத் தொல்லை, பயப்பட வேண்டாம் என்று ஒரு பெண் குரலில் அன்பாகச் சொல்லிவிட்டு, பச்சை மருந்து ஒரு பாட்டிலைத் தட்டில் தள்ளியது.

குடல்வால் எடுக்கப்பட்டது எனக்கு. மாளவிகாவின் வயிற்றில் அது பத்திரமாக இருந்தது, அழுகிக்கொண்டும் இருந்தது. எனக்கு அந்த வலி தெரியும். இரண்டாம் நாள் உடைந்துவிடும். அவளுக்கு வலி தொடங்கி ஒன்றரை நாள் ஆகியிருந்தது.

நெடுங்கரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் என்று ஒருவர் உட்கார்ந்து எட்டு வருடம் ஆகிறது. அவர் அறையில் இப்போது கூண்டுதான் நிற்கிறது. அரசாங்கம் வைத்த பெயர் நலவாயில். அதை யாரும் சொல்வதில்லை. கண்ணாடிச் சுவர், உள்ளே ஒரு நாற்காலி, கை நீட்ட ஒரு பொந்து. நல அட்டையைச் செருகினால் ரத்தம் எடுக்கும், வயிற்றைப் படம் பிடிக்கும், நோயைச் சொல்லும், மருந்தையும் அதுவே தரும். அறுவை வேண்டுமென்றால் தாலுகா ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதும். அந்தச் சீட்டு இல்லாமல் எங்கேயும் கத்தி எடுக்க மாட்டார்கள். தனியார் ஆஸ்பத்திரியும் அதே பதிவைத்தான் படிக்கும். கூண்டு இல்லை என்று சொன்ன உறுப்பு உலகத்தில் எங்கேயும் இல்லை.

கூண்டு வந்த புதிதில் அதில் இரண்டே கட்டம். ஆண், பெண். அட்டையில் எழுதியதும் உடம்பில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். உடலும் அட்டையும் பொருந்தவில்லை, வெளியேறவும் என்று வரிசைக்கே கேட்கும்படி சொல்லும். வரிசை சிரிக்கும். காய்ச்சலோடு போன திருநங்கை அவமானத்தோடு திரும்பி வருவாள், காய்ச்சல் அப்படியே இருக்கும். போராட்டம், மறியல் எல்லாம் நடந்த பிறகு மூன்றாம் கட்டம் ஒன்றைச் சேர்த்தார்கள். மந்திரி ரிப்பன் வெட்டினார். ஆனால் அந்தக் கட்டம் வேண்டுமென்றால் மாவட்டக் குழு சான்று தர வேண்டும், குழுவில் ஒரு மனநல மருத்துவர் இருக்க வேண்டும். குழு ஒரே ஒரு தடவை கூடியது. மனநல மருத்துவர் மாற்றலாகிப் போனார். அந்த நாற்காலி நாலு வருடமாகக் காலி. எங்கள் வீட்டில் பதினொரு பேர். சான்று கிடைத்தது மாளவிகா ஒருத்திக்கு.

அப்புறம் என்ன செய்வோம்? எங்கள் திருநங்கை ஜமாத்தில் ஒரு நல்ல பட்டுச்சேலை இருந்தால் அது யாருக்கு விசேஷமோ அவளுக்கு. அட்டையையும் அப்படியே வைத்துக்கொண்டோம். யாருக்கு நோயோ அவள் மாளவிகா. ரூபிகாவின் சுகர், காவ்யாவின் காசநோய், என் குடல்வால் எல்லாம் அந்த ஒரே பெயரில் ஏறின. அடுத்துப் போகிறவள் உளறிவிடக் கூடாதே என்று சமையலறைக் காலண்டரில் எழுதி வைப்போம்: அட்டைக்கு இன்று சுகர் 240, அட்டைக்குப் பென்சிலின் ஒத்துக்காது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று மூன்று முறை பிடுங்கப்பட்டது. கூண்டு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அட்டைக்கு நடந்தது எல்லாம் மாளவிகாவுக்கு நடந்ததாக ஆகிவிடும் என்பது எங்கள் பதினொரு மண்டையில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை.

எனக்கு மாளவிகாவைப் பிடிக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன். அட்டையை ரவிக்கைக்குள் வைத்திருப்பாள். கேட்டால் உடனே தரமாட்டாள், என்ன நோய், எத்தனை நாளாக, எதைத் தின்றாய் என்று கூண்டைவிட அதிகமாகக் கேள்வி கேட்பாள். ஆனால் ஒருத்தியையும் இல்லை என்று அனுப்பியதில்லை. இப்போது பெஞ்சில் கிடந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. அவள் வந்து உட்கார்ந்ததும் பெஞ்சிலிருந்த நாலு பேர் எழுந்து சுவரோரம் போய்விட்டார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒருவர், இவங்களுக்குத் தனியா ஆஸ்பத்திரி கட்டினால் என்ன என்று பொதுவாகக் கேட்டார். காவலாளி எங்களைப் பழிக்கச் சொல்கிற அந்த எண்ணைச் சொன்னான், வரிசை சிரித்தது. எறிந்த எறியில் என் காலில் அன்றைக்கு ஒரு செருப்புகூட மிச்சம் இருந்திருக்காது. மாளவிகா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

நான் எழுந்து செவிலியர் எப்சிபாவிடம் போனேன். கூண்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். நோயாளியைத் தொட அவருக்கு அனுமதி கிடையாது. கூண்டைத் துடைத்து, ஊசி மாற்றி, காகிதம் வைப்பதுதான் வேலை. எங்களைக் கண்டால் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோகிறவர். நான் சேலையை விலக்கி வயிற்றுத் தழும்பைக் காட்டினேன். குடல்வால் எடுத்தது எனக்கு, அவளுக்கு இல்லை, பதிவைத் திருத்துங்கள் என்றேன்.

அவர் தழும்பைப் பார்க்கக்கூட இல்லை. "சேலைய இழுத்து விடு. எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன சிஸ்டர் தெரியும்?"

"மூணாங் கட்டத்துல கூண்டு ஆளச் சரிபாக்காது. எதோட வச்சிச் சரிபாக்கன்னு அதச் செஞ்சவங்களுக்கே தெரியல. மூஞ்சி மாறுது, உடம்பு மாறுதுன்னு பெட்டிசன் மேல பெட்டிசன் போச்சு. விட்டுத் தொலைங்கன்னு அந்தக் கட்டத்துக்கு மட்டும் நிறுத்திட்டாங்க. ஆனா ரத்தம் மாறாதுல்லா? மாளவிகாங்கிற ஒரு பேருல நாலு குரூப் ரத்தம் வந்திருக்கு. மாசாமாசம் மாவட்ட ஆபீசுக்கு அந்த விவரம் போகுது."

பிறகு ஏன் யாரும் கேட்கவில்லை என்றேன். அவர் தலையைத் திருப்பாமலே சுவரைக் காட்டினார். அங்கே ஒரு கேடயம் மாட்டியிருந்தது. அனைவரையும் அரவணைக்கும் சுகாதார நிலையம், மாவட்டத்தில் முதலிடம், மூன்றாம் ஆண்டாக. மூன்றாம் கட்டத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு வருகை. மற்ற நிலையங்களில் இரண்டும் மூன்றுமாகத்தான் இருந்ததாம். எங்களைத் திருடிகள் என்று தெரிந்தே வைத்திருந்திருக்கிறார்கள். எங்கள் திருட்டில் அவர்களுக்குக் கேடயம்.

கூண்டு வயிற்றைப் படம் பிடித்ததே, அதில் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"இல்லாத இடத்த எதுக்குப் பாக்கணும்னு அந்தப் பக்கத்த விட்டுட்டு மிச்சத்தத்தான் பிடிக்கும். ரத்தத்துல கிருமி ஏறியிருக்கு. அத நீங்க போடுற ஹார்மோன் மாத்திரையாலன்னு எழுதிட்டு."

"அப்பம் நெசத்தச் சொல்லித் திருத்துங்க. எனக்குச் செயில்னாலும் பரவாயில்ல."

எப்சிபா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இல்லை. எரிச்சல் இருந்தது. "நீ செயிலுக்குப் போறது இருக்கட்டும். திருத்தம்னு கைய வச்சா அந்த நிமிசமே பதிவு பூட்டிக்கிடும். விசாரணை முப்பது நாளு. பூட்டுன அட்டைக்கு ஒரு மாத்திரகூட விழாது. நீ நெசத்தச் சொன்னா மொதல்ல சாவப்போறது அவதான்."

பின்னாலிருந்து வரிசை முணுமுணுத்தது. மேசையில் இருந்த பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, எப்சிபா வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினார். அட்டை இல்லாமல் கூண்டு ஏற்றுக்கொள்கிற ஒரே ஆள் கேட்பாரற்றவர். ரோட்டில் விழுந்து கிடக்க வேண்டும். கையில் அட்டை இருக்கக் கூடாது. கூட ஒருவரும் இருக்கக் கூடாது. வாயைத் திறந்து பெயர் சொல்லக் கூடாது. பொதுமக்களில் யாராவது தகவல் சொன்னால் வண்டி வந்து எடுத்துப்போகும். தாலுகா ஆஸ்பத்திரிக் கூண்டு பழைய பதிவு எதையும் பார்க்காமல் முழு உடம்பையும் முதலிலிருந்து படிக்கும், அன்றைக்கே அறுக்கும். இன்னார் என்று பிறகும் தேடாது, தேடினால் யாருக்காவது பொறுப்பு வந்துவிடுமே. தெரிந்தவர் என்று ஒருவர் வந்து நின்றால் போதும், அட்டை எங்கே என்று கேட்டு எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"அட்டை இல்லன்னா மரபணுவப் பாத்துத்தான் எழுதும்," என்றார். "ஆம்பளன்னு எழுதும். ஆம்பள வார்டு. கேட்பாரத்த ஆம்பளைக்கு மொதல்ல தலைய மழிச்சிருவாங்க, பேன் இருக்கும்னு. அவட்ட சொல்லிரு. நான் ஒண்ணும் சொல்லல, நீயும் என்னட்ட கேக்கல."

மாளவிகாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இடுப்புக்குக் கீழே வரும் முடி. தினமும் காலையில் அதற்காக மட்டும் அரை மணி நேரம் குளியலறையை அடைத்துக்கொள்வாள், அதற்காக நான் போட்ட சண்டைக்குக் கணக்கில்லை.

"மொட்டையா அடிப்பாங்க?"

"அடிப்பாங்க."

"ஆம்பளன்னு எழுதுவாங்க."

"எழுதிட்டுப் போறாங்க. எழுதுறதுக்கு நீ உசுரோட இருக்கணும்லா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வலி வந்து போனது. "எங்க அம்ம செத்தப்பம், கொள்ளி வைக்க ஆம்பளையா வந்து நில்லு, இல்லன்னா வராதன்னாங்க. நான் போகலட்டி. அம்மைக்கே மாட்டேன்னவ, இந்த அப்பன்டிசுக்காவ வேட்டி கெட்டவா?"

எனக்கு அழுகை வந்தது. வந்த அழுகையைக் கோபமாக்கித்தான் எனக்குப் பழக்கம். "அம்ம செத்துட்டா. நீ இன்னும் சாகல," என்றேன். "செத்தா இவனுவ ஒன்ன பொம்பளன்னு எழுதுவானுவன்னு நெனைக்கியா? பொணத்துக்கும் மரபணுவத்தான் பாப்பானுவ."

அது கொடுமையான பேச்சு. உண்மையும்கூட. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து நின்று நாலு கெட்ட வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் காதுக் கம்மலைக் கழற்றினாள். ரவிக்கைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். முதல் தடவையாக என்ன நோய், எத்தனை நாளாக என்று கேட்காமல் தந்தாள்.

பின்பக்கக் கதவு வழியாக அவளைத் தாங்கிக்கொண்டு வெளியே போனேன். சுகாதார நிலையத்துக் காமிரா எட்டாத தூரம் என்று பார்த்து, பேருந்து நிறுத்தம் தாண்டி, ரேஷன் கடைக்கு முன்னால், ரோட்டோரத்தில் படுக்க வைத்தேன். பதினோரு மணி வெயில். தார் சுட்டது. அவள் முந்தானையை மடித்துத் தலைக்கு வைத்தேன், அதைக்கூட எடுத்துவிடு, யாரோ வைத்த மாதிரித் தெரியும் என்றாள். எடுத்தேன். போ என்று கையைக் காட்டினாள். ரோட்டைக் கடந்து டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன், தெரியாதவள் மாதிரி.

யாராவது ஒருவர் போன் செய்ய வேண்டும். அவ்வளவுதான். நான் செய்தால் என் எண் பதிவாகும், கூட இருந்தவள் ஆகிவிடுவேன். டீக்கடைக்காரரைப் போன் செய்யச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அவர் அந்தப் பக்கம் பார்த்து, காலையிலேயே போட்டுட்டு விழுந்து கிடக்கு பாரு என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ரேஷன் கடைக்கு வந்த பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனார்கள். பள்ளிக்கூட வேன் ஒன்று ஹார்ன் அடித்து ஒதுங்கிப் போனது. ஒருவன் நின்றான். நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டான். இந்த ஊரில் நான் பதினாறு வருடமாக இருக்கிறேன். புதுக்கடை திறந்தால் எங்களைக் கூப்பிட்டுச் சூடம் காட்டச் சொல்வார்கள், கைராசி என்பார்கள், பிள்ளை பிறந்தால் தூக்கிவந்து தலையில் கைவைக்கச் சொல்வார்கள். அவர்களில் எத்தனை பேர் அவளைத் தாண்டிப் போனார்கள் என்று எண்ணினேன். நாற்பதுக்கு மேல் எண்ண மனம் வரவில்லை. மாளவிகா அசையாமல் கிடந்தாள். நடிக்கிறாளா, நிஜமாகவே மயங்கிவிட்டாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. எழுந்து ஓடிவிடக் கூடாது என்று பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

கடைசியில் போன் செய்தது மஞ்சள் சட்டைக்காரர். சுகாதார நிலையத்திலிருந்து மருந்தோடு வெளியே வந்தவருக்கு, அவர் வண்டி நிறுத்தியிருந்த இடத்தின் குறுக்கே அவள் கிடந்தாள். வண்டியை எடுக்க முடியவில்லை. அவர் குரல் ரோட்டைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"ரேஷன் கடை முன்னால ஒண்ணு விழுந்து கெடக்கு. ஆமா, வழிய அடச்சிக்கிட்டு. யாருன்னு தெரியாது. உசுரு இருக்கோ இல்லையோ, சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க."

அவர் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும் போலிருந்தது. அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது. இருபது நிமிடத்தில் வண்டி வந்தது. இரண்டு பேர் இறங்கி, தெரிஞ்சவங்க யாராவது உண்டா என்று கூட்டத்தைக் கேட்டார்கள். கூட்டம் இல்லை என்றது. நானும் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஆறு நாள் கழித்துத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிழைத்திருக்கிறாளா என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்கள் வார்டில், கடைசிக் கட்டில். மொட்டைத் தலை, பச்சைக் கோடு போட்ட லுங்கி, பெயர் எழுதும் இடத்தில் ஒரு எண். வயிற்றில் கட்டு. குடல்வால் உடைந்து அரை மணி நேரத்துக்குள் அறுத்தார்களாம், பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார், ஊமைப் பய, கெட்டிக்காரன், பிழைச்சிட்டான் என்றார். வார்டு ஊழியர் வந்து, இவர் உங்களுக்கு யார் என்று கேட்டார். அவர் கையில் ஒரு படிவம் இருந்தது. அதில் உறவினர் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது.

யாரும் இல்லை, ஆள் மாறிப்போச்சு என்று சொன்னேன். மாளவிகா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான் திரும்பியபோது தலையை ஒரு கையால் தடவிக்கொண்டாள், அங்கே முடி இருப்பதுபோல.

மறுநாள் ரூபிகாவுக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது. அட்டை என்னிடம்தான் இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு நெடுங்கரை நிலையத்துக்குப் போனேன். அட்டையை நானே செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. வழக்கமாகக் கையை நீட்டச் சொல்லும். அன்றைக்கு முதலில் ஒரு கேள்வி கேட்டது.

"வணக்கம் மாளவிகா. சென்ற வாரம் வலப்பக்க வயிற்று வலிக்கு வாயு மருந்து கொடுத்தேன். வலி குறைந்ததா?"

எப்சிபா எழுந்து வந்தார். குறையவில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். மறுபடி முழுசாச் சோதிக்கும், தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து ஆளே வந்து பார்ப்பார், எல்லாம் வெளியே வந்து அட்டை பூட்டிக்கொள்ளும் என்றார். ரூபிகாவுக்கு முப்பது நாள் இன்சுலின் கிடையாது. குறைந்தது என்று சொன்னால்?

"அத வச்சிப் பாடம் படிச்சிக்கிடும்," என்றார் எப்சிபா. கைக்குட்டையை அன்றைக்கு எடுக்கவில்லை. "இங்க சொல்லுறது எல்லாக் கூண்டுக்கும் போகும். பொம்பள கட்டத்துல லட்சக்கணக்குல ஆளு, ஒருத்தி சொல்லுறது ஒண்ணும் பண்ணாது. ஒங்க கட்டத்துல மொத்தமே நானூறு பேரு. குடல்வால் எடுத்தவளுக்கு வலின்னு அது தனியாப் பிரிச்சிப் பாக்காது. மூணாங் கட்டம், வலப்பக்க வலி, இந்த மருந்துல சரியாச்சு. அவ்வளவுதான் பதியும். அடுத்து எவ வந்தாலும் மொதல்ல அதத்தான் குடுக்கும்."

கூண்டு காத்திருந்தது. அதற்குப் பொறுமை உண்டு, அதைச் செய்தவர்கள் அதையாவது ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். வலி குறைந்ததா என்று இரண்டாவது தடவை, இன்னும் கனிவாகக் கேட்டது. ரூபிகா என் தோளில் சாய்ந்தாள். அவள் மூச்சில் அழுகிய பழ வாடை வந்தது, சுகர் எகிறிக்கொண்டிருந்தது. வரிசையில் ஒருவர், சீக்கிரம் முடிங்கம்மா என்றார்.

"குறஞ்சிட்டு," என்றேன்.

மகிழ்ச்சி என்றது கூண்டு. ரூபிகாவுக்கு ஊசி மருந்து விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு அவளைத் தாங்கியபடி வெளியே வந்தேன். இனி இந்த மாநிலத்தில், நான் பார்த்தே இராத ஊரில், எங்களில் எவள் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாலும் அவளுக்கு அந்தப் பச்சை மருந்தை எடுத்துக் கொடுக்கப்போவது நான்தான்.